ஒரே ஆபரேஷனில் கிட்னியும் கணையமும்

சித்தப்பா மகனுக்கு டைப் 1 சர்க்கரை. சின்ன வயதிலிருந்தே இன்சுலின் ஊசி, இப்போது டயாலிசிஸும். கிட்னியோடு இன்சுலின் சுரக்கும் கணையத்தையும் சேர்த்தே வைக்கலாம் என்று டாக்டர் சொன்னதும் சித்தி கேட்டது: "அப்போ பழசை என்ன பண்ணுவாங்க?"

ஒன்றும் பண்ணமாட்டார்கள். பெரும்பாலும் பழையது இருந்த இடத்திலேயே இருக்கும். புதியவை அடிவயிற்றில்; வழக்கமாகக் கணையம் வலப்பக்கம், கிட்னி இடப்பக்கம். கணையத்தோடு கொடையாளரின் சிறுகுடல் துண்டு ஒன்றும் ஒட்டிக்கொண்டு வரும். இன்சுலின் நேராக ரத்தத்தில் கலந்துவிடும். ஆனால் கணையம் சுரக்கும் செரிமான நீர் போக வழி வேண்டுமே? அந்தத் துண்டை நோயாளியின் குடலோடு இணைத்துத் தைத்துவிடுகிறார்கள். அசல் பிளம்பிங் வேலை!

இதை முதலில் செய்தது 1966 டிசம்பரில், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில், டாக்டர்கள் கெல்லியும் லில்லிஹையும். முதல் நோயாளியான அந்தப் பெண் அதிக நாள் பிழைக்கவில்லை. புது உறுப்பை உடல் ஒதுக்கிவிடாதபடி எதிர்ப்புச் சக்தியை அடக்கும் நல்ல மருந்துகள் பின்னால்தான் வந்தன.

அந்த மாத்திரைகளை ஆயுசுக்கும் விடக்கூடாது. "ஊசி போய் மாத்திரையா?" என்றார் சித்தி. "டயாலிசிஸும் போகுதும்மா" என்றான் தம்பி. உறுப்புக்குக் காத்திருப்போர் பட்டியலில் பெயர் பதிந்தாயிற்று. போனை சைலன்ட்டில் போடுவதே இல்லை.