சாஃப்ட்பால் மிட்டோட ஆம்பளைங்க ட்ரையவுட்டுக்குப் போன கதை

முதல்லயே சொல்லிடறேன், நான் பேஸ்பால்ல பால் போடற பொண்ணு, என்னோட ஃபாஸ்ட்பால் (வேகமா போடற பால்) மணிக்கு 72 மைல்தான். ஆம்பளைங்க ப்ரோ டீமுக்கு ஆள் எடுக்கற ட்ரையவுட்ல 85க்கு கீழ போட்டா, வேகம் அளக்கற ரேடார் கன் வச்சிருக்கிறவர் பேனாவைக்கூட தொட மாட்டார். தெரிஞ்சேதான் போனேன், ஏன்னா நான் நம்பிப் போனது நக்கிள்பால், மெதுவா வந்து ஆடி அசைஞ்சு ஏமாத்தற பால்.

கோயம்புத்தூர்ல அண்ணன்கூட டென்னிஸ் பால் கிரிக்கெட் ஆடிட்டு 11 வயசுல கலிபோர்னியா வந்தவ நான். அங்க கையை மடக்கினா "எறியுறா எறியுறா"ன்னு கத்துவாங்க, இங்க மடக்காம போட்டா பால் ஒழுங்கா போகாது, அந்தப் பழக்கம் மாறவே ஒரு வருஷம் ஆச்சு. ஸ்கூல்ல பேஸ்பால்னு எழுதிக் குடுத்தா பொண்ணுங்களுக்கு சாஃப்ட்பால்தான்னு ஃபார்மைத் திருப்பிக் குடுத்துட்டாங்க. ரெண்டும் ஒண்ணுதானேன்னு அப்பாவே கேட்டார். எங்க ஒண்ணு? சாஃப்ட்பால்ல பெரிய பால், கீழ்க்கையா போடணும், பேட்டருக்கு 43 அடி தூரம், பேஸ்பால்ல 60 அடி 6 இஞ்ச், மேடு மேல நின்னு போடணும். அம்மா ஆபீஸ் ஆபீஸா ஏறி இறங்கினதாலதான் பசங்க டீம்ல சேத்தாங்க.

நக்கிள்பால் பிடிச்சுக்கிட்டது எரி யோஷிதாவால. ஜப்பான்காரப் பொண்ணு, 2008ல 16 வயசுல கோபே 9 க்ரூஸ்னு ஆம்பளைங்க டீம்ல எடுத்தாங்க, அமெரிக்க மேஜர் லீக்ல நக்கிள்பால் போட்ட டிம் வேக்ஃபீல்டோட வீடியோவைப் பாத்துப் பாத்து கத்துக்கிட்டாங்களாம், 2010ல இங்க கலிபோர்னியாவுலயே சிக்கோ அவுட்லாஸுக்கு ஆடினாங்க. அந்த வேக்ஃபீல்டோட நக்கிள்பாலே மணிக்கு அறுபது சொச்சம் மைல்லதான் வந்துச்சு, 200 மேட்ச் ஜெயிச்சுட்டு 45 வயசுல ரிட்டயர் ஆனவர். அப்ப எனக்கு வேகம் எதுக்கு?

விஷயம் இவ்ளோதான், விரல் நுனி நகத்தை பால்ல பதிச்சு, சுத்தவே விடாம தள்ளணும். சுத்தாத பால்ல தையல் காத்துல மாட்டி எந்தப் பக்கம் போகும்னு போடற எனக்கே தெரியாது. கொஞ்சம் சுத்திடுச்சுன்னா போச்சு, அல்வா மாதிரி மெதுவா நேரா போய் நிக்கும். அதனால நகம்தான் முதலீடு. "நகத்தை வெட்டு கண்ணு, சாப்பாட்டுல படுது"ன்னு அம்மா திட்டாத நாள் இல்ல. நக அரம் எப்பவும் பையிலதான் இருக்கும், பேன்ட் பாக்கெட்ல இல்ல. 1987ல ஜோ நீக்ரோன்னு ஒரு நக்கிள்பால்காரர் பாக்கெட்ல இருந்து அரம் பறந்து விழுந்து, பாலைத் தேய்க்கிறார்னு 10 மேட்ச் சஸ்பெண்ட் பண்ணினாங்க. நகத்துக்குத்தான்னு அவர் சொன்னதை யாரும் நம்பல, நான் நம்புறேன்.

ட்ரையவுட் ஒரு இன்டிபென்டன்ட் லீக் டீமோடது, மேஜர் லீக்னு சொல்ற உச்ச லீக் கிளப் எதோட கிளையும் இல்லாத டீம். 1952ல அதுக்குக் கீழ இருக்கிற மைனர் லீக்ல பொண்ணுங்களோட கான்ட்ராக்ட் போடக்கூடாதுன்னே உத்தரவு போட்டாங்க, அப்புறம் 1997ல ஐலா பார்டர்ஸ்னு ஒரு பொண்ணு நுழைஞ்சது, 2024ல கெல்சி விட்மோர் ஓக்லண்ட் பாலர்ஸுக்கு ஆடினது எல்லாம் இந்த மாதிரி டீம்லதான். ஆன்லைன்ல பணம் கட்டி, காயம் பட்டா நாங்க பொறுப்பில்லன்னு கையெழுத்துப் போட்டு, காலைல ஏழு மணிக்குப் போய் முதுகுல நம்பர் ஒட்டிக்கிட்டேன். டிரஸ் மாத்த இடம் இல்ல, கார்லதான். டேபிள்ல இருந்தவர் "யாருக்காக வந்திருக்கே?"ன்னார். எனக்காகத்தான்னேன்.

முதல்ல புல்பென்ல, அதாவது பால் போட்டுப் பழகற இடத்துல, 15 பால். அங்க பால் பிடிக்கக் குடுத்த கேட்சர் தம்பி மூணாவது பாலை மார்ல வாங்கினான், நாலாவது தொடையில. நக்கிள்பால் பிடிக்கிறவங்க பெரிய சாஃப்ட்பால் மிட், அதாவது கேட்சர் கிளவுஸ், போடறது உண்டு, அதனால ஒண்ணு வாங்கி எடுத்துட்டுப் போயிருந்தேன். இவ்ளோ வருஷம் சாஃப்ட்பால் வேணாம்னு சண்டை போட்டவ அதை நீட்டறப்ப எனக்கே சிரிப்பு வந்துடுச்சு. அவன் ஒரு மாதிரி பாத்தான். அடுத்தது தோள்ல பட்டதும் வாங்கி மாட்டிக்கிட்டான்.

அப்புறம் நாலு பேட்டர். முதல் ஆள் ரெண்டு தடவை காத்தை அடிச்சுட்டு மூணாவதுல கேட்ச் குடுத்தான். ரெண்டாவது ஆளுக்கு பால் ஊர் சுத்திட்டு வந்துச்சு, நாலு பால் வெளிய போனதுல வாக், அவன் அடிக்காமலே முதல் பேஸுக்குப் போனான். மூணாவது ஆளுக்கு ஒண்ணு சுத்திடுச்சு, வேலிக்கு அந்தப் பக்கம் போய் யார் கார் மேல விழுந்துச்சோ தெரியல, அதையே நெனச்சுட்டு நின்னுட்டேன், கேட்சர்தான் மேட்டுக்கு வந்து "அடுத்தது போடு, எனக்கு வலிக்குது"ன்னான். நாலாவது ஆள் மூணு ஸ்ட்ரைக் வாங்கி ஸ்ட்ரைக் அவுட், பேட்டைக் கீழ போட்டுட்டு சிரிச்சான்.

முடிஞ்சதும் மிட்டைத் திருப்பிக் கேட்டேன். "என்கிட்ட இருக்கட்டும், மே மாசம் டீம் பயிற்சி கேம்ப்ல தேவைப்படும்"னான். யாரை எடுத்தாங்கன்னு லிஸ்ட் இன்னும் படிக்கவே ஆரம்பிக்கல.

சாயங்காலம் என் நம்பரைப் படிச்சாங்க. கேம்புக்கு மட்டும்தான், சம்பளம் கிடையாது, ரூம் என் செலவு, எந்த நாள் வேணா வீட்டுக்கு அனுப்பலாம். அம்மாவுக்கு ஃபோன் பண்ணினா முதல் கேள்வி, "அப்ப மே வரைக்கும் நகம் வெட்ட மாட்டியா?"