இங்கிலாந்து மண்மேடும் எங்க ஊரு கல்திட்டையும்

தங்கச்சி வீட்டுக்கு இங்கிலாந்து போயிருந்தப்போ மாப்ள ஒரு நாள் கார்ல வில்ட்ஷயர் பக்கம் கூட்டிட்டுப் போனாரு, ஏவ்பரியில வட்டமா நிக்கிற பழங்காலத்துக் கல்லுங்கள பாத்துட்டு அப்படியே பக்கத்துல வெஸ்ட் கென்னட்டுங்குற மண்மேட்டுக்கு, ரோட்டோரமா வண்டிய விட்டுட்டு வயக்காட்டு வரப்புல கொஞ்ச தூரம் மேட்டுல ஏறணும். டிக்கெட் கிடையாது. தூரத்துல பாத்தா புல்லு மொளச்ச மண்மேடு, நம்ம ஏரிக்கரை மாதிரி நூறு மீட்டர் நீளத்துக்குப் படுத்துக் கெடக்குது.

ஆனா கிழக்கு முனையில ஆள் உயரத்தத் தாண்டுன கல்லுங்க நிக்குது, அதுக்குப் பின்னாடி புகுந்தா உள்ள அஞ்சு அறை! கிமு 3650 வாக்குல கட்டுன கல்லறை, பேர் போன ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்டத்துல அந்தப் பெரிய கல்லுங்கள நிறுத்துறதுக்கு ஆயிரம் வருஷம் முன்னாடி. 1859லயும் 1955-56லயும் தோண்டுனதுல குறைஞ்சது 36 பேரோட எலும்பு, ஆம்பள பொம்பள கொழந்தைங்கன்னு எல்லாரும். கடைசியில அறைங்கள மண்ணு சுண்ணாம்புக்கல்லு போட்டு நெரப்பி வாசல்ல கல்ல நிறுத்தி அடச்சிட்டாங்க.

உள்ள ஒரு கல்லுல கைய வச்சேன், ஒரு எடம் மட்டும் வழுவழுன்னு இருந்துச்சு, ஆயா வீட்டு அம்மி நடுவுல தேஞ்சு குழிஞ்சிருக்குமே அப்படியே. கல்கோடாலிய தீட்டித் தீட்டி தேஞ்சதாம். கைய எடுக்க மனசே வரல. பக்கத்துக் கல்லிடுக்குல யாரோ காட்டுப்பூ சொருகி வச்சிட்டுப் போயிருந்தாங்க, இன்னும் வாடல.

எனக்கு அங்கயே எங்க கிருஷ்ணகிரி ஜில்லா மல்லச்சந்திரம் ஞாபகம் வந்துடுச்சு. எங்க ஆயா ஊரு அந்தப் பக்கம்தான், குன்னு மேல பாறை முழுக்க கல்திட்டைங்க, பக்கத்துக்கு ஒரு பலகக்கல்லு, மேல ஒரு மூடுகல்லு, முன்னாடி கல்லுல வட்டமா ஒரு ஓட்டை. ஆடு மேய்க்கப் போனா வெயிலுக்கு அதுக்குள்ளதான் ஒதுங்குவோம். "குள்ளனுங்க வீடுடா அது, நெருப்பு மழைக்குப் பயந்து கட்டுனாங்க"ன்னு ஆயா சொல்லும். செத்தவங்களுக்குக் கட்டுனதுன்னு எனக்குத் தெரிஞ்சதே காலேஜ் போனப்புறம்தான்.

நம்ம கிருஷ்ணகிரி ஜில்லா மயிலாடும்பாறையில கெடச்ச இரும்பு கிமு 2172 காலத்ததுன்னு 2022ல சட்டசபையில அறிவிச்சப்போ எல்லாரும் ஸ்டேட்டஸ் வச்சோம், ஆனா குன்னு மேல இருக்குற கல்லுங்கள யாரு போய் பாத்தோம்? ஊருக்கு வந்ததும் பையன கூட்டிட்டு ஏறுனேன், ஒரு மூடுகல்லு சரிஞ்சு கெடக்குது, இன்னொண்ணுல ஆணியால பேரு கீறி வச்சிருக்காங்க, வயிறு எரிஞ்சுது. பையன் ஓட்டைக்குள்ள எட்டிப் பாத்துட்டு இது எவ்ளோ பேரு சேந்து தூக்குனதுன்னு கேட்டுக்கிட்டே இருந்தான்.

கிருஷ்ணகிரி தர்மபுரி பக்கம் இருக்குறவங்க ஒரு ஞாயித்துக்கெழம போயிட்டு வாங்க, புள்ளைங்கள கூட்டிட்டுப் போங்க, மூடுகல்லு மேல மட்டும் ஏற விடாதீங்க. தண்ணி பாட்டில் எடுத்துக்கங்க, பத்து மணிக்கே பாறை சுட ஆரம்பிச்சிடும்.