பேரியாட்ரிக் சர்ஜரிக்கு முன் மனநல மருத்துவரிடம் எதை மறைக்கக் கூடாது

எடைக் குறைப்பு ஆபரேஷனுக்கு வருபவர்களை முதலில் மனநல மருத்துவரிடம் அனுப்புவார்கள். அங்கே "நான் அளவாத்தான் சாப்பிடுவேன் டாக்டர்" என்று சொல்பவர்கள் ஏராளம். உண்மையைச் சொன்னால் ஆபரேஷன் கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயம். 2016இல் ஜாமா என்ற மருத்துவ இதழில் வந்த தொகுப்பாய்வின்படி, இந்த சிகிச்சையை நாடுவோரில் சுமார் 17 சதவீதம் பேருக்கு பிஞ்ச் ஈட்டிங், அதாவது கட்டுப்பாடில்லாமல் அளவுமீறிச் சாப்பிடும் கோளாறு, இருக்கிறது. அது மட்டுமே காரணமாக ஆபரேஷனை மறுப்பது வழக்கமில்லை.

கல்யாணப் பந்தியில் வயிறு முட்டச் சாப்பிடுவது இந்தக் கணக்கில் வராது. இரண்டு மணி நேரத்துக்குள் மற்றவர்களைவிட மிக அதிகம் சாப்பிடுவது, நடுவில் நிறுத்த முடியாமல் போவது, இது வாரம் ஒருமுறையாவது மூன்று மாதம் தொடர்வது ஆகியவை முக்கியம். பசியே இல்லாமல், ஒளித்து, அவசரமாகச் சாப்பிட்டுவிட்டு, பிறகு தன்னையே வெறுப்பதும் அடையாளங்கள்.

இரைப்பையை வெட்டிக் குழாய்போல் சுருக்கும் ஸ்லீவ் ஆபரேஷன் செய்த வயிறு 100-150 மில்லிதான் பிடிக்கும்; இரைப்பையில் சிறு பையை மட்டும் விட்டுக் குடலோடு இணைக்கும் பைபாஸில் அந்தப் பை சுமார் 30 மில்லி. பழைய அளவு உள்ளே போகாது. நிறுத்த முடியாத குணம் மட்டும் அப்படியே இருக்கும். சிக்கன் துண்டு அடைத்துக்கொள்ளும். ஐஸ்கிரீம் வழுக்கிக்கொண்டு இறங்கும். மிக்சரைக் கொறித்துக்கொண்டே இருந்தால் நாள் முழுக்க இறங்கும். எடை திரும்ப ஏறுவதோடு அதிகம் ஒட்டிவருவது ஆபரேஷனுக்குப் பிந்தைய இந்தப் பழக்கம்தான். அதனால் செக்கப்பில் "எவ்வளவு சாப்பிட்டீங்க" என்று கேட்டுப் பயனில்லை. "நினைச்சிருந்தா நிறுத்தியிருக்க முடியுமா" என்று கேட்க வேண்டும்.

வாந்தியையும் பிரித்துக் கேட்கணும்: வேகமாக விழுங்கியதால் வந்ததா, விரலை விட்டு எடுத்ததா? எதுவானாலும் நாள்கணக்கில் நீடித்தால் தயமின் (வைட்டமின் பி1) குறைந்து மூளையைப் பாதிக்கலாம்.

ஆளுமைக் கோளாறு (நெடுங்காலமாக ஊறிப்போன சுபாவச் சிக்கல்) என்று ஒரே சந்திப்பில் முத்திரை குத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. மனச்சோர்வில் இருப்பவர்கள் பலரும் ஒதுங்கித்தான் இருப்பார்கள். இளவயதிலிருந்தே அப்படியா என்று வீட்டாரிடமும் கேட்க வேண்டும். ஒதுங்கும் சுபாவம் உள்ளவர்கள் எடை ஏறியதும் வெட்கப்பட்டு செக்கப்புக்கே வரமாட்டார்கள். உணர்ச்சிவேகத்தில் செயல்படுபவர்களிடம் குடியையும், தன்னைக் காயப்படுத்திக்கொண்ட வரலாற்றையும் மருத்துவர் நேரடியாகவே கேட்க வேண்டும். பைபாஸுக்குப் பிறகு மது சட்டென்று தலைக்கேறும். இந்த ஆபரேஷன் செய்தவர்களைத் தொடர்ந்து கவனித்த அமெரிக்காவின் லாப்ஸ் ஆய்வில் குடிப் பிரச்சினை கூடியது இரண்டாம் வருடத்தில்தான்.

மனநல மாத்திரை சாப்பிடுபவர்கள் அதையும் சொல்லிவிட வேண்டும். மெதுவாகக் கரையும் வகை பைபாஸுக்குப் பின் சரியாக உடம்பில் சேராமல் போகலாம். மனநிலை ஏற்ற இறக்கத்துக்குத் தரும் லித்தியம் நேரெதிர்: ரத்தத்தில் அளவு எகிறி நஞ்சாகலாம். முதல் சில வாரங்கள் அடிக்கடி ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்.