1277 ஒன்றுகள்

10 ஜூன் 2025, செவ்வாய்

ராத்திரி அக்கா மகன் வந்தான். ஐந்தாம் படிவம், கூடுதல் கணிதம் எடுக்கிறான். "ஒரு எண் பகு எண்ணுன்னு சொன்னா அதோட காரணி தெரிஞ்சிருக்கணும்ல, மாமா?" என்றான்.

தெரிய வேண்டியதில்லை. 2-இன் 1277ஆம் அடுக்கில் ஒன்றைக் குறைத்தால் வரும் எண்ணைச் சொன்னேன். 385 இலக்கம். இரும முறையில் எழுதினால் வரிசையாக 1277 ஒன்றுகள், நடுவில் ஒரு சுழியம்கூடக் கிடையாது. அது பகு எண் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் ஒரு காரணிகூட இதுவரை சிக்கவில்லை. 2-இன் அடுக்கில் ஒன்றைக் குறைத்து வரும் இந்த மாதிரி எண்களுக்கு மெர்சென் எண்கள் என்று பெயர்; அவற்றில் இந்த நிலையில் இருப்பவற்றுள் இதுவே ஆகச் சிறியது.

"வகுக்காம எப்படிக் கண்டுபிடிச்சாங்க?" நல்ல கேள்வி. தூக்கம் வந்துவிட்டது, நாளைக்கு என்றேன்.

11 ஜூன், புதன்

மெர்சென் எண் பகாவா பகுவா என்று காரணி தேடாமலே சொல்லும் லூகாஸ்–லெமர் சோதனையை 2047-க்குப் போட்டுக் காட்டினேன். இது 2-இன் 11ஆம் அடுக்கில் ஒன்று குறைவு. 4-இல் தொடங்கி வர்க்கம் எடு, 2-ஐக் கழி, 2047ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள். திரும்பவும் அதையே செய். 4, 14, 194, 788, 701, 119, 1877, 240, 282, 1736. ஒன்பது சுற்றின் முடிவில் சுழியம் வந்திருந்தால் பகா எண். வந்தது 1736. எனவே பகு எண். 2047 என்பது 23 × 89. ஆனால் இந்தக் கணக்கில் 23-உம் இல்லை, 89-உம் இல்லை. பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை.

சுற்று அடுக்கைவிட இரண்டு குறைவு, அதனால் நம் எண்ணுக்கு 1275 சுற்று. கணினிக்கு அதெல்லாம் ஒரு வேலையே இல்லை.

இதில் வேடிக்கை, பக்கத்து வீட்டுக்காரர். நம் எண்ணை நான்கால் பெருக்கி 3 கூட்டினால் 1279ஆம் அடுக்கின் மெர்சென் எண். அது அசல் பகா எண். 1952-இலேயே ரஃபேல் ராபின்சன் ஸ்வாக் என்ற கணினியில் கண்டுபிடித்துவிட்டார்.

14 ஜூன், சனி

லிட்டில் இந்தியாவில் தே தாரேக். கூட்டாளியிடம் இதைச் சொல்லித் தொலைத்தேன். "கடைசி நாலு நம்பர் என்னண்ணே?" என்றார். 2-இன் அடுக்குகளில் கடைசி நான்கு இலக்கம் 500 படிக்கு ஒருமுறை திரும்ப வரும். அதனால் 277ஆம் அடுக்கைப் பார்த்தாலே போதும்: 2272. ஒன்று குறைத்தால் 2271. எழுந்து போய் அந்த நம்பரில் லாட்டரி எடுத்துவிட்டு வந்தார்!

18 ஜூன், புதன்

காரணி எப்படியிருக்கும் என்பதுகூடத் தெரியும், அதுதான் எரிச்சல். 2554-இன் ஏதோவொரு மடங்கோடு ஒன்றைக் கூட்டிய எண்ணாகத்தான் இருக்க முடியும். 8ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7. அப்படி வரும் பகா எண்களை மட்டும் பார்த்தால் போதும். பையனும் நானும் தாளில் உட்கார்ந்தோம். முதலில் 7663: அது 79 × 97, பகு எண், தள்ளு. 10217 என்பது 17 × 601. 17879 என்பது 19 × 941. 20433 மூன்றில் போகும், 28095 ஐந்தில் போகும். அதற்கப்புறம் 30649. 173 வரை எல்லாப் பகா எண்ணாலும் வகுத்தோம், அசையவில்லை; பகா எண்தான். அதனால் நம் எண் வகுபடுமா என்றால், படாது. இப்படியே வடிகட்டிக்கொண்டு போனவர்கள் கணினியோடு எங்கேயோ போய்விட்டார்கள்.

67ஆம் அடுக்கின் எண் பகு எண் என்று லூகாஸ் 1876-இல் காட்டினார். காரணிகளை ஃபிராங்க் நெல்சன் கோல் 1903-இல்தான் கொடுத்தார்: 193707721 × 761838257287. இடையில் 27 வருஷம். 1061ஆம் அடுக்கு 2012-இல் உடைந்தது. 320 இலக்கம், துண்டுகள் 143 இலக்கமும் 177 இலக்கமும். இங்கே இன்னும் 65 இலக்கம் கூடுதல். இலக்கம் கூடக் கூட வேலை எவ்வளவோ மடங்கு ஏறும்.

காரணி தேட எலிப்டிக் கர்வ் (நீள்வட்ட வளைகோடு) முறை என்று ஒன்று இருக்கிறது, 1987-இல் ஹெண்ட்ரிக் லென்ஸ்ட்ரா வெளியிட்டது. ஒவ்வொரு வளைகோடும் புதிதாக ஒரு முயற்சி. காரணி பெரிதாக இருந்தால் ஆயிரக்கணக்கில் ஓட்டினாலும் ஒன்றும் கிடைக்காமல் போகலாம். பையன் பழைய மடிக்கணினியில் ஓட்டப் போகிறானாம். ஓட்டட்டும். கரண்ட் பில் வந்ததும் அக்கா கேட்டால் என் பேரை இழுக்காதே என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.