58ஆவது ஆளும் என்ர சி.ஆர். கொப்பியும்

பிரையன் எம்பேமோவை எடுத்த கையோடு கரண்ட் போனது. 2024 ஓகஸ்ட் 11, ஆடிக் கடைசி ஞாயிறு, இரவு எட்டரை இருக்கும். பகல் முழுக்கக் கச்சான் காற்று ஊதித் தள்ளியிருந்தது. பாலையூற்றுப் பக்கம் எங்கேயோ தென்னோலை வயரில் விழுந்திருக்க வேண்டும். ரவுட்டரின் பச்சை லைட் அணைந்தது. இங்கிலாந்துப் பிரீமியர் லீக் கால்பந்து வீரர்களை ஒவ்வொருவராகத் தெரிந்தெடுத்து, அவர்கள் நிஜ மச்சில் செய்வதற்குப் புள்ளி எண்ணும் ஒன்லைன் விளையாட்டு இது. எங்கள் லீக்கில் ஒரு தெரிவுக்கு 60 செக்கன். எனக்கும் என் அடுத்த முறைக்கும் நடுவில் இரண்டே இரண்டு தெரிவு. போனில் ஹொட்ஸ்பொட் போட்டு, லப்டொப்பை அதில் கொழுவி, பாஸ்வேர்டைப் பிழையாக அடித்து, திரும்ப அடித்து உள்ளே போனால் என் நாலாம் சுற்று முடிந்து கிடக்கிறது. ஆள் வராவிட்டால் அதுவே ஒருவரை எடுத்துத் தந்துவிடும். தந்திருந்தது லிவர்பூலின் கோல் கீப்பர் அலிசனை.

வட்ஸ்அப் குழு முழுக்கச் சின்னண்ணாவின் சிரிப்பு முகங்கள்.

அலிசன் கெட்டிக்காரன்தான். நாலாம் சுற்றில் கோல் கீப்பரை எடுப்பதுதான் பகிடி. ஃபான்டஸி பிரீமியர் லீக் என்றால் எல்லாருக்கும் தெரிந்தது விலைக் கணக்கு விளையாட்டு: 100 மில்லியனுக்குள் 15 பேரை வாங்கு, உன்னிடமும் சாலா, என்னிடமும் சாலா. நாங்கள் விளையாடுவது அதன் டிராஃப்ட் வகை. இங்கே காசில்லை. ஒரு வீரன் ஒருவருக்குத்தான். முதல் சுற்று 1 முதல் 8 வரை போகும், அடுத்தது 8இல் தொடங்கித் திரும்பி வரும், பாம்பு வளைவது போல. எனக்கு ஏழாவது இடம் விழுந்ததால் 7, 10, 23, 26 என்று சோடி சோடியாக வந்து, நடுவில் நெடுநேரம் நகம் கடிக்க வேண்டியிருந்தது. அணித் தலைவருக்கு இரட்டைப் புள்ளி என்ற கதையும் இதில் கிடையாது.

எட்டுப் பேர், ஆளுக்கு 15. ஆகவே 120 பேர் போவார்கள். ஒருவருக்கு இரண்டு கோல் கீப்பர் என்றால் மொத்தம் 16. பிரீமியர் லீக்கில் இருப்பது 20 கிளப், 20 முதல் நிலைக் கீப்பர்கள். எல்லாரும் எடுத்து முடித்த பிறகும் நாலு பேர் மிச்சம் நிற்பார்கள். இதற்கு ஏன் அந்தரப்பட வேண்டும்? ஃபோர்வேர்ட் பக்கம் பாருங்கள்: ஆளுக்கு மூன்று, மொத்தம் 24. முக்கால்வாசிக் கிளப்புகள் முன்னால் ஒரே ஒருவரைத்தான் நிறுத்துகின்றன. ஒவ்வொரு கிழமையும் தொடக்கத்திலிருந்து விளையாடும் ஃபோர்வேர்ட்கள் 24 பேர் தேறுவதே கஷ்டம். எங்கள் அணியில் ஒரு ஃபோர்வேர்டை இறக்கினால் போதும் என்பது உண்மைதான், ஆனாலும் வாங்கில் இருக்கும் மற்ற இருவரும் பொம்மையாக இருந்தால் காயம் வரும் கிழமையில் தெரியும் சங்கதி.

எனக்கு இந்தக் கணக்கெல்லாம் பாமசியில் நின்றே பழகியது. எந்த மருந்து எத்தனை பெட்டி வரும், எத்தனை பேர் கேட்பார்கள், எது முதலில் முடியும் என்பதுதான் என் தொழில். கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் மருந்தின் பெயரைச் சொல்வதில்லை, பெட்டியின் நிறத்தைச் சொல்வார்கள். அதே பரசிட்டமோலை வேறு பெட்டியில் குறைந்த விலைக்கு நீட்டினால், "இது வேலை செய்யாது பிள்ளை" என்று திருப்பித் தள்ளுவார்கள். டிராஃப்டிலும் இதே சனம்தான்.

பழைய இருப்புக் கணக்கு எழுதிய சி.ஆர். கொப்பி ஒன்று. அதன் பின்பக்கத்தைத் திருப்பிப் போட்டு லீக்குக்கு வைத்திருக்கிறேன். இடப்பக்கத்தில் வீரர்கள்: போன பருவத்தில் எத்தனை மச் தொடக்கத்திலிருந்து இறங்கினான், பெனல்டி யார் அடிப்பது, கோர்னர் யார் போடுவது, அந்த இடத்துக்குப் போட்டியாகக் கிளப்பில் வேறு யார். வலப்பக்கத்தில் எங்கள் எட்டுப் பேர். அந்த வலப்பக்கம்தான் என் சொத்து. ஒரு கோடிக்கு மேற்பட்டோர் விளையாடும் விலைக் கணக்கு விளையாட்டில் மலிவு என்றால் எல்லாருக்கும் மலிவு. டிராஃப்டில் அப்படி இல்லை. என்னோடு இருக்கும் ஏழு பேர் யாரைக் கண்டும் காணாமல் போகிறார்களோ அவர்தான் மலிவு.

சின்னண்ணா மன்செஸ்டர் யுனைடெட். பிறந்தது திருகோணமலை ஆஸ்பத்திரி என்பதால் மட்டும் இலங்கையர். யுனைடெட் ஆட்களை இரண்டு சுற்று முந்தியே தூக்கிவிடுவார், யுனைடெட்டை வென்ற கிளப்பின் ஆட்களைத் தொடமாட்டார். டொரொன்டோ மச்சானுக்கு டிராஃப்ட் நேரம் காலை பத்தரை, கோப்பியும் யாரோ போட்ட யூடியூப் பட்டியலுமாக உட்காருவான். அந்தப் பட்டியலை நானும் பார்த்துவிட்டால் அவனுடைய அடுத்த ஆறு தெரிவும் எனக்குத் தெரியும். லண்டன் மாமாவின் மகன் அமைதியானவன், ஆபத்தானவன். பக்கத்து வீட்டுத் தம்பி எங்கள் ஊர் ஏகாம்பரம் மைதானத்தில் பின்வரிசையில் விளையாடுகிறவன், முழங்கால் இரண்டும் எப்போதும் உரஞ்சுப்பட்டிருக்கும். அவன் மட்டும் டிஃபென்டர்களைக் கடைசி வரை எடுக்கமாட்டான். "டிஃபென்டருக்கு யாரக்கா புள்ளி தாறது?" என்பான். தன் தொழிலையே மதிக்காத ஒருவனை வேறு எங்கும் நான் கண்டதில்லை. மற்ற மூன்று பேரும் திரையில் முதலில் தெரியும் பெயர்களுக்கு அப்பால் விரலை நகர்த்தாதவர்கள்.

அன்றிரவு எட்டாம் சுற்றில், 58ஆவது தெரிவாக, நொட்டிங்ஹம் ஃபொரெஸ்டின் கிறிஸ் வூட்டை எடுத்தேன்.

"என்னக்கா, கிழவனையா எடுக்கிறீங்க?" என்றான் தம்பி. அவன் எங்கள் வீட்டு விறாந்தையில்தான் இருந்தான், அவனுடைய போனில் சார்ஜ் இருந்தது. மெழுகுதிரிக்குப் பக்கத்தில் கொப்பியை விரித்துக் காட்டினேன். 32 வயது, நியூசிலாந்துக்காரன், கிளப் முந்திய பருவத்தில் 17ஆம் இடம். இவ்வளவும் பெட்டியின் நிறம். உள்ளே இருந்தது வேறு. 2023 டிசம்பரில் நூனோ பயிற்சியாளராக வந்த பிறகு வூட் முன்னால் நிலையாக நின்றுவிட்டான். வந்த சில நாளிலேயே, டிசம்பர் 26இல், தன் பழைய கிளப்பான நியூகாசிலின் மைதானத்திலேயே மூன்று கோல். அந்தப் பருவம் மொத்தம் 14 கோல். ஒரு கிளப் கீழே கிடந்ததால் அதில் 14 கோல் அடித்தவனும் கீழே என்று ஏழு பேரும் நினைத்திருந்தார்கள். நிதி விதி மீறலுக்காக அந்தக் கிளப்புக்கு 4 புள்ளி வெட்டப்பட்டும் இருந்தது, அதை யார் யோசித்தார்கள்?

2024–25 பருவத்தில் வூட் 20 கோல் அடித்தான். ஃபொரெஸ்ட் 7ஆம் இடம்.

எம்பேமோவின் கணக்கு இன்னும் லேசு. பிரென்ட்ஃபோர்டில் பெனல்டி அடிப்பவன் ஐவன் டோனி. அந்தக் கோடையில் டோனி போகப்போகிறான் என்பது ஊரறிந்த கதை, ஓகஸ்ட் கடைசியில் சவூதிக்குப் போயும் விட்டான். அவன் விட்டுப் போகும் பந்தை யார் வாங்குவது என்று மட்டும் பார்த்தேன். எம்பேமோவும் 20 கோல். ஒரு சாமான் கடையில் முடிந்தால் அதே வேலையைச் செய்யும் அடுத்த சாமானை இரண்டு நாள் முந்தியே எடுத்து வைக்கத் தெரிய வேண்டும், வேறொன்றுமில்லை.

இந்தப் பெனல்டிப் பாடத்தை எனக்குப் படிப்பித்தது கோல் பாமர் என்ற பொடியன். 2023 செப்டெம்பர் 1ஆம் திகதி செல்சிக்கு வந்தான், எங்கள் டிராஃப்ட் முடிந்த பிறகு. அதனால் அவன் யாருடைய அணியிலும் இல்லை, பட்டியலில் சும்மா கிடந்தான். ஒக்டோபர் 7, பேர்ன்லிக்கு எதிராகப் பெனல்டி. பெரிய பெயர்கள் சுற்றி நிற்க, 21 வயதுப் பொடியன் பந்தைத் தூக்கிக்கொண்டு போகிறான். பார்த்துக்கொண்டே இருந்தேன். பெரிய கோல் என்று நினைக்கவில்லை, தேத்தண்ணி போட எழும்பிப் போய்விட்டேன். தம்பி அந்தக் கிழமையே அவனை எடுத்தான். பருவ முடிவில் பாமரிடம் 22 கோல், அதில் 9 பெனல்டி, அந்த வருஷம் விளையாட்டிலேயே அதிகப் புள்ளி அவனுக்குத்தான்: 244. தேத்தண்ணி அன்றைக்குச் சீனி கூடிப்போனது என்பதும் ஞாபகம் இருக்கிறது.

பெயர்ப் பட்டியலில் எந்த வரிசைக்குள் போட்டிருக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 2019–20இல் ஷெஃபீல்ட் யுனைடெட்டின் ஜோன் லண்ட்ஸ்ட்ரம் டிஃபென்டர் என்று பதிவாகியிருந்தான். களத்தில் அவன் நின்றது நடுவில். டிஃபென்டர் கோல் அடித்தால் 6 புள்ளி, மிட்ஃபீல்டருக்கு 5, ஃபோர்வேர்டுக்கு 4. கோல் வாங்காத மச்சில் டிஃபென்டருக்கு இன்னும் 4. அவன் அந்தப் பருவத்தில் 5 கோல் அடித்தான். அப்போது நான் விலைக் கணக்கு விளையாட்டில்தான் இருந்தேன். 4 மில்லியனுக்குக் கிடைத்த ஆள், எனக்கு முன்னால் உலகமே வாங்கி முடித்திருந்தது.

இவ்வளவு நியாயம் பேசும் நான் 2024இல் முதல் சுற்றில் யாரை எடுத்தேன் தெரியுமா? ஃபில் ஃபோடனை. முந்திய பருவம் 19 கோல், லீக்கின் சிறந்த வீரர் விருது. கொப்பியைத் திறக்கவே இல்லை. ஏழாவது இடம் வந்ததும் விரல் தானாகப் போய்விட்டது. அந்தப் பருவம் அவன் அடித்தது 7 கோல். சிவப்புப் பெட்டிதான் வேண்டும் என்று அடம்பிடிக்கும் ஆச்சிமாரைப் பார்த்து அதற்குப் பிறகு நான் சிரிப்பதில்லை.

ஐந்தாவது இடத்திலிருந்த தம்பி சாலாவை எடுத்தான். சாலாவுக்கும் வூட்டைப் போல 32 வயதுதான், ஆனால் யாரும் கிழவன் என்று சொல்லவில்லை. 29 கோல், 18 அசிஸ்ட், 344 புள்ளி. கப் தம்பிக்கு, எனக்கு இரண்டாமிடம். நான் மூலை முடுக்கெல்லாம் பொறுக்கிச் சேர்த்ததை அவன் ஒரே தெரிவில் சமப்படுத்திவிட்டான். பட்டியலின் அடியில் தோண்டுகிறவர்கள் சிலநேரம் மேலே கிடப்பதைப் பார்ப்பதில்லை.

அலிசன் கதையையும் முடித்துவிடுகிறேன். ஒக்டோபரில் பின்தொடையில் காயம், டிசம்பர் வரை இல்லை. மாற்றுக் கீப்பர் தேடிப் போனேன். அந்த நாலு மிச்சக் கீப்பர்களில் ஃபொரெஸ்டின் மட்ஸ் செல்ஸ் இருப்பான் என்று நம்பியிருந்தேன். வூட்டை எடுத்த எனக்கு அதே கிளப்பின் கீப்பரை எடுக்கத் தோன்றவில்லை, பாருங்கள். லண்டன் மாமாவின் மகன் இரண்டு கிழமைக்கு முந்தியே சத்தமில்லாமல் எடுத்திருந்தான். அந்தப் பருவம் செல்ஸ் 13 மச்சில் கோல் விடாமல், ஆர்சனலின் றாயாவோடு கீப்பர்களுக்கான தங்கக் கையுறை விருதைப் பங்கு போட்டான்.

2025–26 பருவத்தில் விதி மாறியது. டிஃபென்டர் ஒரு மச்சில் பந்தைத் துரத்தியடித்தல், தடுத்தல், இடைமறித்தல், டக்கிள் எல்லாம் சேர்த்துப் பத்து செய்தால் 2 புள்ளி. மிட்ஃபீல்டருக்கும் ஃபோர்வேர்டுக்கும் பன்னிரண்டு, பந்தை மீட்டதும் அதில் சேரும். ஃபுல்ஹாமில் இருந்த காலத்தில் பலின்யா டக்கிள் டக்கிளாகப் போட்டு மஞ்சள் அட்டை மட்டும் வாங்கினானே, அவனுக்கு இந்த விதி சில வருஷம் பிந்தி வந்துவிட்டது. தம்பியிடம் சொன்னேன்: "இப்ப உன்ர வேலைக்கும் புள்ளி தாறாங்கள்." நம்பவில்லை. எவர்ட்டனின் டர்கோவ்ஸ்கியை, நாள் முழுக்கப் பெனல்டிப் பெட்டிக்குள் நின்று தலையால் பந்தைத் துரத்துகிறவனை, 12ஆம் சுற்றில் நான் எடுத்தேன். தம்பி அதற்குள் நாலாவது ஃபோர்வேர்டைத் தேடி, மூன்றுக்கு மேல் விடாது என்று தெரிந்து ஏசிக்கொண்டிருந்தான்.

அந்த டிராஃப்டில் இன்னொன்றும் நடந்தது. எம்பேமோ ஜூலையில் யுனைடெட்டுக்கு மாறியிருந்தான். சின்னண்ணாவுக்கு ஆறாவது இடம், எனக்கு எட்டாவது. எம்பேமோ கமரூன்காரன், ஆபிரிக்கக் கிண்ணம் டிசம்பர் 21இல் மொரோக்கோவில் தொடங்குகிறது என்று கொப்பியின் இடப்பக்கத்தில் சிவப்புப் பேனையால் எழுதியிருந்தேன். வலப்பக்கத்தில் சின்னண்ணாவின் பெயருக்கு நேரே ஒன்றும் புதிதாக எழுதத் தேவைப்படவில்லை. முதல் சுற்றிலேயே எடுத்தார். "உன்ர ஆளை நான் தூக்கிட்டன்" என்று குரல் செய்தி வேறு.

டிசம்பர் கடைசிக் கிழமை, நல்ல மாரி மழை. உள்துறைமுக வீதிப் பக்கமிருந்து மழைக்கோட்டோடு வந்து கடை வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. தண்ணீர் கவுண்டர் கண்ணாடியில் சொட்டியது.

"அவன் கமரூனுக்கு விளையாடப் போட்டானாம். உனக்கு முதலே தெரியுமா?"

மூதூரிலிருந்து வந்த அம்மா ஒருவருக்கு பிறஷர் குளிசை எண்ணிக்கொண்டிருந்தேன். இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பது. உறையில் போட்டு, காலையில் ஒன்று என்று எழுதிக் கொடுத்துவிட்டு நிமிர்ந்தேன்.

"மழைக்கோட்டை வெளியில கழட்டுங்கோ அண்ணா, மருந்து நனையுது."