கையிருப்பில் எத்தனை எபிசோடு?

தமிழ்ப் பொழுதுபோக்குச் சேனலில் புரோகிராமிங் ஹெட் என்ன செய்வார் என்று வெளியில் யாரைக் கேட்டாலும், "கதை கேட்பார், ஓகே சொல்வார்" என்பார்கள். கதை கேட்பதும் உண்டுதான். ஆனால் அவருடைய நாளில் அதற்குக் கிடைப்பது சொற்ப நேரம். காலையில் இ.பி. எனப்படும் எக்ஸிக்யூட்டிவ் புரொட்யூசர்களிடம் அவர் முதலில் கேட்கும் கேள்வி கதையைப் பற்றியதாக இருக்காது. "கையில எத்தனை எபிசோடு இருக்கு?" என்பதாகத்தான் இருக்கும். எடுத்து முடித்து இன்னும் ஒளிபரப்பாகாதவை பத்து என்றால் டீ வரும். ரெண்டு என்றால் போன் வரும், தயாரிப்பாளருக்கு.

அந்தக் கேள்விக்கு ஏன் இவ்வளவு கனம் என்பது அரை மணி நேர ஸ்லாட்டைப் பிரித்துப் பார்த்தால் விளங்கும். 1994ஆம் ஆண்டின் கேபிள் டிவி விதிகள்படி ஒரு மணி நேரத்துக்கு விளம்பரம் 12 நிமிடம். அதில் விற்ற விளம்பரம் 10 நிமிடம், சேனலின் சொந்த புரொமோ 2 நிமிடம். (இந்த விதியின் அமலாக்கம் பல வருடமாக நீதிமன்றத்தில் இழுபடுகிறது, அது தனிக்கதை.) கணக்குக்கு அதையே வைத்துக்கொண்டால் அரை மணியில் 6 நிமிடம் போய்விடும். மிச்சம் 24. டைட்டில் பாட்டு, நேற்றைய கதைச் சுருக்கம், நாளைக்கு வரப்போகும் காட்சித் துண்டு என்று இன்னும் மூன்று நிமிடத்தைக் கழித்தால் புதுக் கதைக்கு 21 நிமிடம். திங்கள் முதல் சனி வரை ஆறு நாள் என்றால் 126 நிமிடம். வாரா வாரம் ஒரு சினிமா நீளத்துக்கு எடுத்து, வெட்டி, ஒலி சேர்த்துக் கொடுக்க வேண்டும். சினிமாவுக்கு அதற்கு மாதங்கள் கிடைக்கும். சீரியல் யூனிட்டுக்கு ஒரு நாள் கால்ஷீட்டில் ஒரு எபிசோடு முழுசாக வந்தாலே நல்ல யூனிட் என்று பெயர்.

மாதத்துக்கு 26 எபிசோடு. கதாநாயகி 15 நாள்தான் தேதி தருவார் என்றால் அந்த 15 நாளில் அவருடைய காட்சிகளை மட்டும் தனியே பிரித்து எடுத்துத் தள்ள வேண்டும். மற்ற நாட்களில் மாமியாரும் ஓரகத்தியும் சமையலறையில் நின்று பேசுவார்கள். கதை நகரவில்லை என்று வீட்டில் அலுத்துக்கொள்கிறோமே, பாதி நேரம் அதற்குக் காரணம் எழுத்தாளர் இல்லை, கால்ஷீட். மழை, காய்ச்சல், ஷூட்டிங் வீட்டுச் சொந்தக்காரருக்குக் கல்யாணம் என்று இரண்டு நாள் போனால் இரண்டு எபிசோடு போச்சு. அதைத் திரும்பச் சேர்க்க இரண்டாவது யூனிட் போட வேண்டும். செலவு கூடும், ஒளியும் நடிப்பும் ஒட்டாமல் நிற்கும். பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது, ஏதோ இடிக்கிறது என்று மட்டும் தெரியும்.

ஆகவே ஒரு சீரியலைத் தொடங்கும்போது பதினைந்து எபிசோடாவது கையில் இருக்க வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள். மூன்றாவது மாதம் அது நாலாகியிருக்கும். மத்தியானம் எடுத்த காட்சி சாயங்காலம் எடிட் மேஜையில் கிடக்க, ராத்திரி டெலிகாஸ்ட் ஆகிற நிலைக்குப் போன சீரியல்கள் ஒன்றிரண்டு அல்ல. அப்போது தணிக்கை பார்க்கக்கூட ஆள் கிடையாது. புகைபிடிக்கும் காட்சியின் எச்சரிக்கை வாசகம் விட்டுப்போவதும், ஒரு சாதியையோ தொழிலையோ சீண்டும் வசனம் தப்பிப்போவதும் அந்த மாதிரி ராத்திரிகளில்தான்.

அப்படியானால் முப்பது எபிசோடு எடுத்துப் பூட்டி வைத்துக்கொள்ளலாமே என்றால், அங்கேதான் சிக்கல். வியாழக்கிழமை குறுக்கே வரும்.

எந்த நிகழ்ச்சியை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று அளக்கும் பார்க் (BARC) நிறுவனத்தின் ரேட்டிங் வாரம் சனிக்கிழமை தொடங்கி வெள்ளிக்கிழமை முடிகிறது. எண்கள் வருவது அடுத்த வியாழக்கிழமை. அதாவது பார்ப்பது ஆறு நாள் ஆறிய சோறு. வியாழன் எண் வருகிறது, கதையில் ஓடும் ஒரு ட்ராக், அதாவது ஒரு கிளைக்கதை, பிடிக்கவில்லை என்று தெரிகிறது. வெள்ளிக்கிழமை தயாரிப்பாளர், இயக்குநர், எழுத்தாளர் எல்லாரையும் உட்காரவைத்து ட்ராக்கை மாற்றுகிறார்கள். சனி, ஞாயிறில் வசனம். திங்கட்கிழமை புதுக் காட்சிகள் எடுக்கத் தொடங்குகிறார்கள். கையிருப்பு 12 என்றால் அவை இரண்டு வாரத்துக்கு ஓடும். திருத்தம் திரைக்கு வருவது அந்தத் தப்பான வாரம் முடிந்து 24ஆம் நாள். கையிருப்பு 3 என்றால் 13ஆம் நாளே வந்துவிடும். நிறைய வைத்திருப்பவன் நிதானமாகத் தூங்கலாம், ஆனால் மெதுவாகத்தான் திரும்புவான். குறைய வைத்திருப்பவன் சட்டென்று திரும்பலாம், ஆனால் ஒரு வைரஸ் காய்ச்சலில் கவிழ்ந்துவிடுவான். ஆறிலிருந்து எட்டு எபிசோடு என்பது பலரும் வந்துசேரும் சமரசம்.

இதில் இன்னொரு ஆபத்து, வியாழக்கிழமை எண்ணை அப்படியே நம்புவது. எந்தச் சேனல் ஓடுகிறது என்று பதிவுசெய்யும் மீட்டர் வைத்த வீடுகள் நாடு முழுக்கச் சில பத்தாயிரங்கள். தமிழ்நாடு-புதுச்சேரிக்கு அதில் ஒரு பங்குதான். இரவு பத்து மணி சீரியலை அந்த வீடுகளில் எத்தனை பார்க்கும்? அங்கே சின்ன ஏற்ற இறக்கம் என்பது காற்றில் ஆடும் தராசு முள். நாலு வாரச் சராசரி இறங்கினால்தான் கவலைப்பட வேண்டும். ஆனால் நாலு வாரம் பொறுக்கும் மேலிடம் அபூர்வம். முதல் வாரம் இறங்கியதுமே ஒரு கடத்தல், ஒரு விபத்து, ஒரு ஞாபகமறதி என்று ட்ராக்கில் ஏற்றிவிடுவார்கள். அந்த எண் தானாகவே ஏறியிருக்கும் என்பது யாருக்கும் தெரியாமலே போகும்.

எண் இறங்கியதா என்பதைவிட எப்படி இறங்கியது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. உதாரணக் கணக்கு ஒன்று: 30 நிமிட சீரியலை 40 லட்சம் பேர் எட்டிப் பார்த்தார்கள், ஆளுக்குச் சராசரியாக 12 நிமிடம் இருந்தார்கள் என்றால், நிமிடச் சராசரிப் பார்வையாளர் 16 லட்சம். அடுத்த வாரம் அது 12 லட்சமாகிறது. 30 லட்சம் பேர் வந்து அதே 12 நிமிடம் இருந்தாலும் 12 லட்சம்தான்; 40 லட்சம் பேர் வந்து 9 நிமிடத்தில் எழுந்து போனாலும் 12 லட்சம்தான். முதலாவதில் கதையைத் தொடக்கூடாது. வந்தவர்கள் உட்கார்ந்துதான் இருக்கிறார்கள், ஆள்தான் வரவில்லை. புரொமோ போதவில்லை, அல்லது முந்தைய ஸ்லாட் சரிந்திருக்கிறது, அல்லது எதிர்ச் சேனலில் கல்யாண எபிசோடு, அல்லது ஏழரை மணி ஐபிஎல் ஆட்டம். இரண்டாவதில்தான் கோளாறு உள்ளே இருக்கிறது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் நன்றாக ஓடிய கதையைக் குதறிப்போட்டதுதான் இந்தத் தொழிலில் அதிகம் நடந்த பிழை என்பேன்.

முந்தைய ஸ்லாட்டின் பலம் எவ்வளவு என்பதை அட்டவணை போடாதவர்களால் நம்ப முடியாது. எஃப்பிசி என்று சொல்லப்படும் வாராந்தர நிகழ்ச்சி அட்டவணைக் கட்டத்தில் எட்டு மணி சீரியல் வலுவாக இருந்தால் எட்டரை மணிக்கு வருவது பாதி ஜெயித்த மாதிரி. ரிமோட் எடுக்கச் சோம்பல்படும் வீடுகளை அது சொத்தாகப் பெறுகிறது. புது சீரியலை இரண்டு வலுவானவற்றுக்கு நடுவில் ஊஞ்சல் மாதிரி கட்டித் தொங்கவிடுவது அதனால்தான். இரண்டு சீரியலுக்கும் நடுவில் விளம்பரமே வைக்காமல் ஒட்டிவிடுவது ஒரு வித்தை. முதல் பிரேக்கை ஒன்பது பத்து நிமிடம் தள்ளிவைப்பது இன்னொன்று: விளம்பரம் வந்து பார்ப்பவர்கள் கை ரிமோட்டுக்குப் போகும்போது எதிர்ச் சேனலில் கதை பாதி ஓடியிருக்கும், தலையும் வாலும் புரியாமல் திரும்பி வந்துவிடுவார்கள். விளம்பரப் பிரிவு இதை விரும்பாது. அவர்களுக்கு முதல் பிரேக் சீக்கிரம் வர வேண்டும், விலை அதற்குத்தான் அதிகம். இந்தப் பேரம் அநேகமாகத் தினமும் நடக்கும்.

மகாசங்கமம் இந்த ஒட்டுவேலையின் உச்சம். இரண்டு சீரியல் குடும்பங்களை ஒரே கோயில் திருவிழாவில் சந்திக்கவைத்து ஒரு மணி நேரமாக ஓட்டுவது. மெலிந்த சீரியலுக்கு அந்த வாரம் எண் ஏறும். ஆனால் இரண்டு யூனிட், இரண்டு இயக்குநர், இருபது முப்பது நடிகர்களின் தேதி எல்லாம் ஒரே வாரத்தில் கூடிவர வேண்டும். தயாரிப்பு நிறுவனங்கள் வேறு வேறு என்றால் செலவு யார் தலையில் என்று தனிப் பஞ்சாயத்து. அதைவிட முக்கியம், இரண்டு சீரியலின் கையிருப்பையும் அது ஒரே மூச்சில் தின்றுவிடும். சங்கமம் முடிந்த மறுவாரம் இரண்டும் சேர்ந்து தள்ளாடும். அதைக் கணக்கில் வைக்காமல் சங்கமம் போடுபவர்கள் உண்டு.

ட்ராக்கை மாற்று, நிறுத்து என்று சொல்லும் அதிகாரம் எல்லாக் காலத்திலும் சேனலிடம் இருந்ததில்லை. 1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி தொடங்கிய பிறகு வளர்ந்த தமிழ் சாட்டிலைட் சந்தையில், தயாரிப்பாளர் ஸ்லாட்டுக்குப் பணம் கட்டி, அதற்கு ஈடாக விளம்பர நிமிடங்களைப் பெற்று அவரே விற்கும் முறை நெடுங்காலம் செல்வாக்கோடு இருந்தது. அதில் நஷ்டமும் அவருடையது, கதையும் அவருடையது. சேனல் எபிசோடுக்கு இவ்வளவு என்று கொடுத்து உரிமையை வாங்கிக்கொள்ளும் கமிஷன் முறையில் கதை சேனலுடையதாகிவிட்டது. கதை விவாதத்தில் சேனல் ஆள் வந்து உட்கார்ந்தது இதற்குப் பிறகுதான். நல்லதா கெட்டதா என்று கேட்டால், கையிருப்பு விஷயத்தில் நல்லது. கதை விஷயத்தில் ஒரே அறையில் ஒன்பது பேர் கருத்துச் சொல்கிறார்கள்.

பண்டிகை நாட்கள் வேறு கணக்கு. "இந்தியத் தொலைக்காட்சிகளில் முதன்முறையாக" என்று குரல் கொடுக்கிற படத்துக்கு, 150 நிமிடம் என்றால், மணிக்கு 48 நிமிடம் படம் வீதம் மூன்று மணி எட்டு நிமிடம் வேண்டும். 'ஏ' சான்றிதழ் படமானால் வெட்டி மறுசான்றிதழ் வாங்காமல் போட முடியாது. உரிமை வாங்கும்போதே இதைக் கேட்காமல் விட்டுவிட்டு தீபாவளிக்கு முந்தின வாரம் ஓடுவார்கள். தியேட்டருக்கு வந்து நாலைந்து வாரத்தில் ஓடிடிக்குப் போய்விடும் படத்துக்கு இன்று பழைய விலை கொடுக்க யாருமில்லை.

இந்த நாற்காலிக்கு வரும் வழிகளில் நம்பகமானது கீழிருந்து வருவது. டேப் லைப்ரரி, புரொமோ ஷெட்யூலிங், டிராஃபிக் என்று பெயர் சொன்னால் யாருக்கும் புரியாத மேஜைகளில் இரண்டு மூன்று வருடம். அங்கேதான் மணிக்கு 2 நிமிடம் என்றால் 30 வினாடி புரொமோ நாலுதான், ஒரு புது சீரியலுக்கு அதில் எத்தனையைப் பிடுங்கலாம் என்ற கஞ்சக் கணக்கு கைவரும். பிறகு இ.பி.யாகச் சில சீரியல்கள்: ஸ்கிரிப்ட் படிப்பது, எடுத்ததைப் பார்ப்பது, செட்டில் சண்டை தீர்ப்பது. சினிமாவிலிருந்து நேரே வருபவர்களுக்குக் கதை நன்றாகத் தெரியும். இருநூறாவது எபிசோடில் என்ன செய்வது என்பது தெரியாது. விற்பனையிலிருந்து வருபவர்கள் எண்ணில் கெட்டி. ஆனால் ஒரு வசனம் ஏன் பொய்யாக ஒலிக்கிறது என்று சொல்லத் தடுமாறுவார்கள்.

இதே வேலையில் பெயர் பெற்ற அமெரிக்காவின் ஃப்ரெட் சில்வர்மேன் முதுகலை ஆய்வுக்கே ஏபிசி நெட்வொர்க்கின் நிகழ்ச்சி அட்டவணையை எடுத்துக்கொண்டவர். சிபிஎஸ்ஸில் 25 வயதில் பகல்நேர நிகழ்ச்சிகளின் பொறுப்பு. 1975இல் ஏபிசிக்குப் போய் அதை முதலிடத்துக்குக் கொண்டுவந்தார். 1978இல் என்பிசியின் தலைவரானார். அங்கே பெரும்பாலானவை எடுபடவில்லை. அமெரிக்கா புறக்கணித்ததால், நம்பியிருந்த 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கும் கைவிட்டுப்போனது. 1981இல் வெளியேறினார். அவர் காலத்தில் தொடங்கிய 'ஹில் ஸ்ட்ரீட் ப்ளூஸ்' என்ற போலீஸ் சீரியல் விருதுகளைக் குவித்தது அவர் போன பிறகு. அவர் பொழுதுபோக்குப் பிரிவுத் தலைவராக்கிய பிராண்டன் டார்ட்டிகாஃப் காலத்தில்தான் என்பிசி முதலிடம் பிடித்தது. தமிழ்ச் சேனல்களிலும் இதே கதைதான், அளவு மட்டும் சிறிது: இன்று நாற்காலியில் இருப்பவர் வாங்கும் திட்டும் பாராட்டும் பெரும்பாலும் முன்னவர் போட்டுவைத்த கட்டத்துக்கு.

2020 மார்ச்சில் படப்பிடிப்புகள் நின்றபோது கையிருப்பு என்ற சொல்லுக்கு எல்லாச் சேனல்களுக்கும் ஒரே நாளில் பொருள் தெரிந்தது. ஆறு எபிசோடு வைத்திருந்தவருக்கு ஒரு வாரம், பன்னிரண்டு வைத்திருந்தவருக்கு இரண்டு வாரம். பிறகு எல்லாரும் பழைய சீரியலைத் தூசி தட்டினார்கள். பல சீரியல்களின் புது எபிசோடு திரும்ப வர ஜூலைக் கடைசி ஆனது. திரும்பியபோது வயதானவர்களையும் குழந்தைகளையும் செட்டுக்கு அழைக்க முடியவில்லை. தாத்தாக்கள் காசிக்குப் போனார்கள், சிலர் முகமே மாறியது. "இனி இவருக்குப் பதில் இவர்" என்ற அட்டை அடிக்கடி வந்தது. அதற்கப்புறம் கொஞ்ச நாள் எல்லாரும் இருபது எபிசோடு சேர்த்து வைத்தார்கள். இப்போது மறுபடியும் நாலு.