சபையின் குரல் கேட்கும் இடம்

ஆராதனைப் பாடல்களை முன்னின்று நடத்தும் ஊழியத்தில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். இந்த ஊழியத்தில் தாழ்மையைப் பற்றிப் பேசாதவர்கள் இல்லை. பயிற்சிக்கு முன் ஜெபிக்கும்போது, எங்களை மறைத்து உம்மை வெளிப்படுத்தும் என்று கேட்காத பாடகர் குழுவும் இல்லை. நானும் அப்படி ஜெபித்திருக்கிறேன், மனதாரவே ஜெபித்திருக்கிறேன். ஆனால் அந்த ஜெபத்துக்கும், ஒரு பாடலை எந்தச் சுருதியில் எடுப்பது என்று பயிற்சியின்போது நான் செய்யும் முடிவுக்கும் தொடர்பு உண்டு என்பது எனக்கு வெகுகாலம் விளங்கவில்லை.

அதை விளங்க வைத்தது ஓர் ஒலிப்பதிவு. வழக்கமாக நாங்கள் மைக்குகளின் ஒலியைச் சேர்க்கும் மிக்ஸர் கருவியிலிருந்து நேரடியாக எடுக்கும் பதிவைத்தான் கேட்போம். அதில் மைக்குக்குள் போன சத்தம் மட்டுமே இருக்கும் என்பதால் பாடகரும் வாத்தியங்களும் துல்லியமாகக் கேட்கும். சபை பாடியதா, வெறுமனே நின்றதா என்பது தெரியவே தெரியாது. ஒருமுறை, படுக்கையில் இருந்த தம் தாயாருக்குக் கேட்கக் கொடுப்பதற்காக ஒரு சகோதரர் கடைசி வரிசையில் உட்கார்ந்து கைபேசியில் ஆராதனையைப் பதிவு செய்திருந்தார். அதை எனக்கும் அனுப்பினார். முதல் சரணத்தை டி ஸ்கேலில் தொடங்கியிருந்தேன். அவரைச் சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் பாடுவது நன்றாகக் கேட்டது, ஒரு குழந்தை வரிகளின் கடைசிச் சொல்லை மட்டும் உரக்கச் சொல்வதுகூடக் கேட்டது. அடுத்த சரணத்தில் நான் பாடலை எஃப் ஸ்கேலுக்கு ஏற்றினேன். என் குரல் அழகாக ஒலிப்பது அந்த உயரத்தில்தான். ஏற்றிய இரண்டாவது வரியிலேயே பெண்களின் குரல்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. ஆண்களில் சிலர் ஒரு ஸ்தாயி கீழே இறங்கி முணுமுணுத்தார்கள். கடைசிப் பல்லவியை நான் நான்காவது முறை பாடியபோது அந்தப் பதிவில் என் குரலைத் தவிர வேறு குரல் இல்லை. அந்த நேரத்தில் நான் கண்களை மூடியிருந்தேன் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கர்த்தருடைய பிரசன்னத்தில் இருப்பதாகவே நம்பியிருந்தேன்.

அன்று நான் பெருமைக்காகப் பாடவில்லை. இதைச் சொல்வது என்னை நியாயப்படுத்துவதற்காக அல்ல. பெருமை எப்போதும் பெருமையின் முகத்தோடு வருவதில்லை என்பதற்காகவே சொல்கிறேன். அது உருக்கமாக வரும், கண்ணீரோடு வரும், பல்லவியை இன்னும் ஒருமுறை பாடுவோம் என்ற ஆவலாக வரும். பயிற்சி பெறாத குரல்களுக்குச் சிரமமில்லாமல் எட்டுவது ஏறக்குறைய ஒரு ஸ்தாயியும் அதற்குமேல் ஒன்றிரண்டு ஸ்வரங்களும்தான். அந்த எல்லைக்குள் பாடலை வைப்பதா, என் குரல் மின்னும் இடத்துக்குக் கொண்டுபோவதா என்று தீர்மானிக்கும்போது, இந்தப் பாடல் யாருடையது என்ற கேள்விக்கும் நான் பதில் சொல்லிவிடுகிறேன்.

பண்டைய திருச்சபையின் ஆயராகிய அகுஸ்தீனார் தம் வாழ்வைக் கடவுளிடம் அறிக்கையிடும் 'அறிக்கைகள்' என்ற நூலின் 10ஆம் புத்தகத்தில், பாடப்படும் பொருளைவிடப் பாட்டு தம்மை அதிகம் அசைக்கும்போது தாம் குற்றம் செய்ததாக உணர்வதாகவும், அப்படிப்பட்ட வேளையில் அந்தப் பாடகரைக் கேளாதிருந்தால் நலமாயிருக்கும் என்று எண்ணுவதாகவும் எழுதியிருக்கிறார். அதே இடத்தில், சபையில் பாடும் வழக்கத்தின் பயனையும் அவர் ஒப்புக்கொள்கிறார். அவர் கேட்பவராக இருந்து கலங்கினார். பாடுகிறவர்களாகிய நாம் அந்தக் கலக்கத்தைக் கேட்பவர்கள் பக்கமே விட்டுவிடுவது நேர்மையாகாது. கேட்பவரின் மனம் எங்கே நிற்கிறது என்பதில் நம் கைக்கும் பங்கு உண்டு.

இதற்குத் தீர்வாக, திறமையைக் குறைத்துக்கொள்வதே தாழ்மை என்று சிலர் எடுத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். பயிற்சிக்கு வராமல், பாடல் வரிகளைச் சரிபார்க்காமல், ஆவியானவர் நடத்துவார் என்று சொல்லி மேடையேறுவதைத் தாழ்மையென்று என்னால் ஏற்க முடியாது. அதன் சிரமம் முழுவதும் சபையின் தலையில்தான் விழுகிறது. 1 நாளாகமம் 15ஆம் அதிகாரத்தில், உடன்படிக்கைப் பெட்டியை எருசலேமுக்குக் கொண்டுவரும் வேளையில், கெனானியா கீதவித்தையில் நிபுணனாக இருந்ததால் அதைக் கற்றுக்கொடுத்தான் என்று இருக்கிறது. வேதம் அவனுடைய தேர்ச்சியை மறைத்துச் சொல்லவில்லை.

ஆனால் அதே நாளாகமத்தின் 25ஆம் அதிகாரத்துக்குப் போனால் என்னை அதிகமாகத் தொட்ட பகுதி வருகிறது. கர்த்தருடைய பாட்டில் கற்றுத் தேர்ந்தவர்கள் 288 பேர். வகுப்புக்குப் பன்னிரண்டு பேராக 24 வகுப்புகள். எந்த வகுப்பு எப்போது பணிசெய்வது என்ற முறையை அவர்கள் சீட்டுப்போட்டுத் தீர்மானித்தார்கள். சிறியவனும் பெரியவனும், ஆசானும் மாணாக்கனும் ஒரே விதமாகச் சீட்டுப்போட்டார்கள் என்று 8ஆம் வசனம் சொல்கிறது. அத்தனை பேரும் தேர்ந்தவர்கள். ஆனாலும் தன் முறையைத் தன் திறமையைக் காட்டி ஒருவனும் வாங்கிக்கொள்ளவில்லை. பண்டிகை நாளின் ஆராதனை யாருக்கு, சாதாரண ஞாயிறு யாருக்கு என்று நம் குழுக்களில் வாய்திறந்து சொல்லாமல் நடக்கும் கணக்குகளை நினைக்கும்போது, அந்தச் சீட்டின் ஞானம் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

என்னை நான் உண்மையாகச் சோதித்துப் பார்க்க முடிவதும் மேடையில் அல்ல, வேறொருவர் நடத்தும் நாளில்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் குழுவின் இளைஞன் ஒருவன் முதல்முறையாக ஆராதனை நடத்தினான். நான் நான்காவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். தாளம் கொஞ்சம் ஓடுகிறது, இரண்டாம் பாடலுக்குப் போகுமுன் ஒரு நொடி தடுமாறினான், இந்த இடத்தில் வாத்தியத்தை நிறுத்தியிருக்கலாம் என்று மனதுக்குள் குறித்துக்கொண்டே இருந்தேன். மூன்றாம் பாடல் முடிந்தபோதுதான், நான் ஒரு வரியைக்கூடப் பாடவில்லை என்பது உறைத்தது. என் இடப்பக்கத்தில் நின்ற வயதான அம்மா பாட்டுப்புத்தகத்தின் வரியில் விரலை வைத்து, அந்த விரல் நகர நகரப் பாடிக்கொண்டிருந்தார். தாளம் ஓடியது அவருக்கு ஒரு குறையாகவே இல்லை. அவன் எடுத்திருந்த சுருதி அவருக்கு எட்டியது, அவ்வளவுதான். அன்று அந்த வரிசையில் ஆராதிக்காமல் நின்றவன் நான்தான்.

அதற்குப் பிறகு சில பழக்கங்களை மாற்றிக்கொண்டேன். சுருதியை என் குரலுக்கு வைக்காமல், பாடகர் அல்லாத இரண்டு மூன்று பேரைப் பயிற்சியில் பாட வைத்து அவர்களுக்கு வைக்கிறேன். எல்லாருக்கும் தெரிந்த பல்லவி வரும்போது மைக்கைவிட்டு ஓரடி பின்னால் நிற்கிறேன். தொடக்கத்தில் இது கடினமாக இருந்தது. பின்வாங்கியவுடன் எல்லாம் தொய்ந்துவிடும் என்ற பயம் இருந்தது. முதல் இரண்டு வாரங்கள் உண்மையிலேயே தொய்ந்தது. ஒலியைக் கவனிக்கும் சகோதரர் பதறி என் மைக்கின் சத்தத்தை ஏற்றினார். மூன்றாம் வாரம் அவரிடம் முன்கூட்டியே பேசி, ஏற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். மேடையில் எங்களுக்கே கேட்கும்படி வைத்திருக்கும் மானிட்டர் ஒலிபெருக்கியிலும் என் குரலைக் குறைக்கச் சொன்னேன். சபை தன் குரலைத் தானே கேட்டுப் பழக அதற்குப் பிறகும் பல வாரங்கள் ஆயின.

பாராட்டைப் பற்றியும் ஒரு சொல். ஆராதனை முடிந்ததும் யாராவது வந்து, இன்றைக்கு நன்றாக நடத்தினீர்கள் என்றால், முன்பெல்லாம் நான் ஒன்றுமில்லை, எல்லாம் அவரே என்று நீளமாகப் பேசுவேன். அந்தப் பேச்சு முழுவதும் என்னைப் பற்றியே இருந்ததை இப்போது காண்கிறேன். நன்றி சொல்லிவிட்டு, அவருக்கு எந்தப் பாடல் உதவியாக இருந்தது என்று கேட்டால் போதும். பேச்சு தானாகவே அவரிடமும் ஆண்டவரிடமும் திரும்பிவிடுகிறது.

சாலொமோன் கட்டிய ஆலயத்தின் பிரதிஷ்டை நாளைக் குறித்து 2 நாளாகமம் 5ஆம் அதிகாரம் சொல்வதை இப்போதெல்லாம் அடிக்கடி வாசிக்கிறேன். பூரிகை ஊதும் ஆசாரியர்கள் 120 பேர், பாடகர்கள் அவர்களோடு, அத்தனை பேரும் ஏகசத்தமாகத் துதித்தபோது ஆலயத்தை மேகம் நிரப்பிற்று, ஆசாரியர்களால் ஊழியம் செய்ய நிற்கக்கூடாமற்போயிற்று. முன்னின்று ஊழியம் செய்தவர்கள் நிற்க இயலாமற்போனதை அந்த அதிகாரம் ஒரு குறையாகச் சொல்லவில்லை.

அந்த இளைஞன் வரும் ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் நடத்துகிறான். நான் கீபோர்டு வாசிக்கிறேன். இரண்டாவது பாடலை எந்த ஸ்கேலில் வைக்கலாம் என்று நேற்று கேட்டான். நான் ஸ்கேல் எதையும் சொல்லவில்லை. பயிற்சியில் மற்றவர்கள் பாடட்டும், நீ கடைசி வரிசையில் போய் உட்கார்ந்து கேள், அங்கிருந்தே முடிவு செய் என்றேன்.